அரை இயைபில் ராப் எழுதுவது எப்படி: சொல் தேர்விலிருந்து ஒலிப்பதிவு வரை

ராப் எழுதத் தொடங்குகிறவர்களின் தாளைப் பார்த்தால், வரிகளின் கடைசிச் சொற்கள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். ஆனால் அந்தப் பொருத்தத்துக்காகவே வரியின் பொருள் சொல்ல வந்த திசையை விட்டு விலகிப் போயிருக்கும். முழுமையாகப் பொருந்தும் சொற்கள் எந்தக் கருத்துக்கும் கைப்பிடி அளவே கிடைக்கும் என்பதால், அவற்றை மட்டும் நம்பி எழுதுகிறவர் விரைவில் எல்லோரும் பயன்படுத்திய இணைகளிலேயே வந்து நிற்கிறார். முழுதும் பொருந்தாமல் காதுக்கு நெருங்கி ஒலிக்கும் சொற்களை, ராப் எழுதுகிறவர்கள் ஸ்லான்ட் ரைம் என்று சொல்வதை, இங்கே அரை இயைபு என்று அழைக்கிறேன்.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். பலருடன் உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில், தவறுகள் பெரும்பாலும் படிகளைத் தெரியாததால் வருவதில்லை. மூன்றாவது படியைத் தாண்டி நான்காவதை முதலில் செய்வதால் வருகின்றன.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

வேகம் மாறாத ஒரு பீட் (பாடும்போது பின்னணியில் ஓடும் தாள இசை), குரலைப் பதிவு செய்ய ஒரு கைபேசி, எழுத ஒரு நோட்டு ஆகியவை போதும். பீட்டை முதலிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரை இயைபு எவ்வளவு நெருக்கமாக ஒலிக்கிறது என்பது சொற்களை மட்டும் பொறுத்ததன்று. அவற்றுக்கு இடையே எவ்வளவு நேரம் கழிகிறது என்பதையும் பொறுத்தது. பீட் இல்லாமல் அந்த நேரத்தை அளக்க முடியாது.

இவற்றைவிட முக்கியமான தயாரிப்பு ஒரு முடிவு: பாடப் போவது எழுத்துத் தமிழிலா, பேச்சுத் தமிழிலா? இதை முடிவு செய்யாமல் இயைபு தேடுவது வீண். "இன்று", "நின்று" என்று தாளில் எழுதினால் இரண்டும் அழகாகப் பொருந்தும். பேச்சு நடையில் அவையே "இன்னிக்கு", "நின்னு" என்றாகிப் பிரிந்துபோகும். இதற்கு நேர்மாறாக, "காற்று", "பார்த்து" என்ற இரண்டும் எழுத்தில் விலகி நிற்கின்றன. வாயில் "காத்து", "பாத்து" என்று முழுமையாகச் சேர்ந்துவிடுகின்றன. "புகை", "தொகை" என்ற இணையும் அப்படித்தான். பேசும்போது "பொக", "தொக" ஆகின்றன.

ஆகவே நோட்டில் சொற்களை எப்படிப் பாடுவீர்களோ அப்படியே எழுதுங்கள். எழுத்துப் பிழை என்று கூச்சப்பட வேண்டாம். அந்த நோட்டு உங்கள் வாய்க்கான குறிப்பு. அச்சுக்குப் போகும்போது திருத்திக்கொள்ளலாம்.

2. முழு இயைபு எது, அரை இயைபு எது, இரண்டும் இல்லாதது எது

வேலைக்கு உதவும் அளவில் வரையறுத்தால், முதல் மெய் மட்டும் மாறி, அதன்பின் வரும் ஒலியெல்லாம் ஒன்றாக இருப்பது முழு இயைபு: "சத்தம்", "ரத்தம்". உயிர்கள் ஒன்றாக இருந்து, இடையில் உள்ள மெய்கள் ஒரே சாயலில் மாறுவது அரை இயைபு: "சத்தம்", "பக்கம்", "அச்சம்". மெய்கள் ஒன்றாக இருந்து உயிர் மாறுவதும் உண்டு: "பக்கம்", "துக்கம்". இந்தப் பின்னவகை இன்னும் மெல்லியது. தனியே நிற்க வலுவில்லாததால், அதை மற்ற இணைகளுக்கு நடுவே மட்டும் வைக்கும்படி சொல்வேன்.

இனி, இரண்டிலும் சேராத ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். தமிழ் வினைகளில் காலமும் இடமும் விகுதியாகச் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்வதால், "போகிறேன்", "எழுதுகிறேன்", "கேட்கிறேன்" என்று எத்தனை வரிகளை வேண்டுமானாலும் ஒரே ஒலியில் முடிக்கலாம். தாளில் அது இயைபு போலத் தெரியும். கேட்பவருக்கோ அந்த விகுதி எதிர்பார்த்த ஒன்று. இலக்கணம் கொடுத்ததற்காக எந்தக் காதும் நிமிர்ந்து கேட்பதில்லை. இந்த விகுதிப் பொருத்தத்தைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

விகுதியை நீக்கிவிட்டு வேர்ச்சொல்லைப் பாருங்கள். "நடக்கிறேன்", "போகிறேன்" என்ற இணையில் விகுதியை எடுத்தால் எதுவும் மிஞ்சுவதில்லை. "நடக்கிறேன்", "கடக்கிறேன்" முழு இயைபு. "நடக்கிறேன்", "மறக்கிறேன்" என்பதில் ட, ற மாறினாலும் வேரின் இரண்டு உயிர்களும் அ, அ என்று ஒத்து நிற்பதால் அது நேர்மையான அரை இயைபு. கடைசி இரண்டில் எது உங்கள் பொருளுக்குப் பொருந்துகிறதோ அதை எடுங்கள்.

3. சொல்ல வந்ததை முதலில் உரைநடையில் எழுதுங்கள்

இயைபைத் தேடும் முன், வெர்ஸில் (ராப் பாடலின் சரணம் போன்ற பகுதியில்) என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் சாதாரணமாக எழுதுங்கள். அதில் எந்தச் சொல் விழுந்தால் கேட்பவர் மனத்தில் படம் வருமோ அதை வட்டமிடுங்கள். இதைப் பிடிசொல் என்று வைத்துக்கொள்வோம்.

பிடிசொல் பெயர்ச்சொல்லாகவோ அழுத்தமான வினைவேராகவோ இருப்பது நல்லது. "ஆனால்", "இருந்து", "என்று" போன்ற சொற்களை வரியின் முடிவில் நிறுத்தினால், எவ்வளவு நல்ல இயைபும் வெறும் இணைப்புச் சொல்லின் மீது செலவாகிவிடும்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் சொற்பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். அப்போது பட்டியலே வெர்ஸின் பொருளைத் தீர்மானிக்கும். நாலு வரி கடந்ததும் பாடலில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதே தெரியாமல் போகும்.

4. பிடிசொல்லின் ஒலி அச்சை எடுங்கள்

வழிகாட்டியின் மையம் இந்தப் படி. பிடிசொல்லை வாய்விட்டுச் சொல்லி, அதன் உயிர்களை மட்டும் தனியே எழுதுங்கள். "கண்ணாடி" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்: அ, ஆ, இ. இதோடு, எந்த உயிருக்குப் பின் மெய் அழுந்தி நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே முதல் உயிருக்குப் பின் ண்ண என்று இரட்டித்திருக்கிறது. இரண்டாம் உயிருக்குப் பின் ட தனியே, மென்மையாக வருகிறது. ஆக அச்சு இது: குறில் அ, பின்னால் ஓர் அழுத்தம், நெடில் ஆ, பின்னால் லேசான ஒரு மெய், முடிவில் இ.

இந்த அச்சில் சொற்களைத் தேடுங்கள். முழு இயைபு தேடினால் "தள்ளாடி", "முன்னாடி" போன்ற சில சொற்களின் அருகில்தான் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அச்சை வைத்துத் தேடினால் "மண்ணாகி", "பங்காளி", "அப்பாவி", "சம்பாதி" எல்லாம் வருகின்றன. பட்டியலைப் பாருங்கள்: மண்ணாகிப் போவது, பங்கு கேட்பவன், ஏமாந்தவன், பொருள் சேர்க்கச் சொல்லும் குரல். ஒவ்வொன்றும் வேறு கதைக்கான வாசல். கண்ணாடியைப் பற்றிய வரிக்குப் பின் எந்தக் கதை வர வேண்டும் என்பதை இப்போது நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

மொகத்த மறைக்கத் தெரியாது, உண்மை சொல்லும் கண்ணாடி
மொதல்ல என்னையே ஏமாத்துன நானா அப்பாவி?

இதில் "கண்ணாடி", "அப்பாவி" என்ற சொற்களில் ஒரு மெய்கூடப் பொதுவில்லை. உயிர்களும் அழுத்தம் விழும் இடமும் ஒன்றாக இருப்பதால் மட்டுமே காது அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. வரித் தொடக்கத்தில் "மொகத்த", "மொதல்ல" என்று மோனை வைத்திருப்பதும் தற்செயலானதன்று. முடிவு தளர்வாக இருக்கும்போது தொடக்கத்தை இறுக்கிக் கட்டினால், இரண்டு வரிகளும் ஓர் இணை என்பதைக் கேட்பவர் வரி முடியும் முன்பே உணர்ந்துவிடுகிறார்.

அச்சு எடுக்கும்போது குறில், நெடிலை மாற்றவே கூடாது. ஆங்கில ராப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள், உயிரை இழுத்தோ சுருக்கியோ இரண்டு சொற்களை வலுக்கட்டாயமாகப் பொருத்துவதைத் தமிழிலும் செய்து பார்க்கிறார்கள். தமிழில் நீளம் பொருளைச் சுமக்கிறது. "விடு" என்பதை இழுத்தால் "வீடு", "கல்" என்பதை இழுத்தால் "கால்", "எடு" என்பதை இழுத்தால் "ஏடு". இயைபுக்காக இழுத்த சொல்லைக் கேட்பவர் வேறு சொல்லாகவே கேட்பார். அ என்பதைச் சற்று எ பக்கம் சாய்த்துப் பாடுவது போன்ற வளைவுகளைக் காது பொறுத்துக்கொள்ளும். மாத்திரையில் கை வைப்பதைப் பொறுக்காது. எதுகைக்கு முதலெழுத்து அளவொத்து நிற்க வேண்டும் என்று நம் யாப்பிலக்கணம் விதித்திருப்பதற்கும் இதே காரணத்தைத்தான் நான் காண்கிறேன்.

5. மெய்களைக் கனம் பார்த்து மாற்றுங்கள்

உயிர்கள் பொருந்திய பிறகு, மெய்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்று பாருங்கள். நம் யாப்பில் இரண்டாம் எழுத்து அதுவேயாக இல்லாமல் அதன் இனத்து எழுத்தாக நின்றாலும் எதுகை என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அதற்கு இன எதுகை என்று பெயர். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறு ஆறாகப் பிரித்த அந்தப் பாகுபாடு அரை இயைபுக்கு அப்படியே உதவும். ஆனால் ராப்பில் இனத்தோடு கனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் வைத்திருக்கும் குழுக்கள் இவை:

இரட்டித்த வல்லினம்: பக்கம், அச்சம், பட்டம், சத்தம்.
மெல்லினத்தோடு சேர்ந்த வல்லினம்: தங்கம், பஞ்சம், கண்டம், பந்தம், கம்பம்.
இரட்டித்த மெல்லினம்: வண்ணம், கன்னம்.
தனியே நிற்கும் வல்லினம்: படம், பதம், நகம்.
தனியே நிற்கும் இடையினம்: பலம், களம், பழம், வரம், பயம்.

ஒரே குழுவுக்குள் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் இணைக்கலாம். குழு தாண்ட வேண்டியிருந்தால், கனம் ஒத்த குழுவுக்குத் தாண்டுங்கள். "படம்", "பழம்" இரண்டும் லேசானவை, சேரும். "தங்கம்", "வண்ணம்" இரண்டிலும் மூக்கொலி அழுந்துகிறது, ஓரளவு சேரும்.

"படம்", "பட்டம்" சேராது. இதைச் சொல்லும்போது பலர் வியக்கிறார்கள், இரண்டிலும் ட இருக்கிறதே என்று. தனி ட மென்மையாக ஒலிக்கிறது, ட்ட வன்மையாக ஒலிக்கிறது, அதை உச்சரிக்க எடுக்கும் நேரமும் கூடுகிறது. எழுத்து ஒன்று, ஒலி வேறு. தமிழ் எழுத்துமுறை வல்லினத்தின் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே வடிவத்தை வைத்திருப்பதால் கண் ஏமாறுகிறது. ஆகவே எழுத்தைக் கூட்டிப் பார்த்து இயைபு சொல்லாதீர்கள்.

ற எழுத்தளவில் வல்லினம். ஆனால் தனியே நிற்கும்போது பெரும்பாலோர் வாயில் அது ர போலவே ஒலிக்கிறது. எனவே "அறம்" என்பதை "வரம்" பக்கம் வையுங்கள். அதேபோல் ல, ள, ழ மூன்றையும் நீங்கள் எவ்வளவு வேறுபடுத்திச் சொல்கிறீர்கள் என்பதைப் பதிவில் கேட்டுப் பாருங்கள். தெளிவாக வேறுபடுத்துகிறவருக்கு "மலை", "மழை" அரை இயைபு. வேறுபடுத்தாதவருக்கு அவை ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னது போல ஒலித்துவிடும். இந்த இடத்தில் ழகரத்தை ஒழுங்காகச் சொல்லப் பழகும்படி கேட்டுக்கொள்வேன். உச்சரிப்பின் தூய்மைக்காக மட்டுமன்றி, உங்கள் கையிருப்பில் ஓர் ஒலி கூடுகிறது என்பதற்காகவும்.

யாப்பு தரும் இன்னொரு சலுகையும் உண்டு. ய், ர், ல், ழ் ஆகிய நான்கும் இடையில் நுழைந்தாலும் எதுகை கெடாது. இதை ஆசு என்பார்கள். "வாழ்ந்து", "சாய்ந்து", "ஏமாந்து" என்று அடுக்கிச் சொல்லிப் பாருங்கள். ஆ என்ற நெடிலும் ந்து என்ற முடிவும் காதைப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் வந்த ழ், ய் நழுவிப் போகின்றன.

6. சொல்லின் கடைசி ஒலியைத் தனியே சோதியுங்கள்

சொல்லின் கடைசியில் தமிழ் ஒலிகள் தளர்கின்றன. இந்தத் தளர்ச்சி அரை இயைபுக்குப் பெரிய உதவி, கவனிக்காவிட்டால் பெரிய இடையூறு.

"பாட்டு", "மூச்சு" போன்ற சொற்களின் முடிவில் வரும் உகரம் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம். கடைசியில் உ இருக்கிறது என்பதற்காக அவற்றை இணைக்க முடியாது. பாரம் முழுவதும் அதற்கு முந்தைய உயிர் மீது விழுகிறது. "பாட்டு", "காத்து", "ஆச்சு" சேரும். "பாட்டு", "மூச்சு" சேராது. பிறமொழிச் சொற்களும் பேச்சில் இந்த உகரத்தைப் பெறுகின்றன. "ரோடு" என்பது "கோடு" என்பதோடு முழுதாகவும், "மோரு", "சோறு" போன்ற வடிவங்களோடு தளர்வாகவும் பொருந்துவது அதனால்தான்.

முடிவில் வரும் ம், ன் இரண்டும் பேச்சில் முழு மெய்யாக ஒலிக்காமல் மூக்கொலியாகக் கரைகின்றன. "எல்லாம்", "சொன்னான்" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் மூக்கில் முடியும் ஆகாரமாகவே நிற்கும். எழுத்தில் ம், ன் வேறு என்பதால் இந்த இணைகளை ஒதுக்கிவிடுகிறவர்கள் ஒரு பெரிய களஞ்சியத்தை இழக்கிறார்கள். ஆனால் செந்தமிழில் நிறுத்தி உச்சரித்துப் பாடுகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. முதல் படியில் எடுத்த முடிவை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

7. ஒரு சொல்லிலிருந்து சொற்றொடருக்குப் போங்கள்

ஒற்றைச் சொல்லில் கை பழகிய பிறகு, இரண்டு சொற்களின் அச்சை ஒன்றாக எடுங்கள். இங்கேதான் அரை இயைபு முழு இயைபை வெல்கிறது, ஏனென்றால் நான்கு உயிர்கள் வரிசையாக ஒத்து நிற்கும்போது மெய்களின் வேறுபாட்டைக் காது ஏறக்குறைய மறந்துவிடுகிறது. "காலம் மாறும்" என்பதன் அச்சு ஆ, அ, ஆ, உ. இதில் "தாகம் ஆறும்", "ஆழம் காணும்", "வானம் வாழ்த்தும்" எல்லாம் அமர்கின்றன.

கையில கட்டுன கடிகாரம் நின்னாலும் காலம் மாறும்
கண்ணுல தேக்குன கானல் நீரால எப்படித் தாகம் ஆறும்?

"காலம்", "தாகம்" அரை இயைபு. "மாறும்", "ஆறும்" முழு இயைபு. முன்பாதியைத் தளர்த்திப் பின்பாதியை இறுக்கும் இந்த அமைப்பைப் புதியவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கிறேன். வரி எங்கே முடிகிறது என்பதில் கேட்பவருக்குக் குழப்பம் வராது. அதே சமயம் இணை பழக்கப்பட்டதாகவும் ஒலிக்காது. தலைகீழாக, முன்பாதியை முழுதாகவும் பின்பாதியைத் தளர்வாகவும் வைத்தால் வரி முடியாதது போன்ற ஓர் ஏக்கம் நிற்கும். அந்த ஏக்கம் வேண்டுமென்றே தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைச் செய்யுங்கள்.

சொற்களின் எல்லை ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. "கண்ணாடி" என்ற ஒரே சொல்லுக்கு "அண்ணா நீ" என்ற இரண்டு சொற்கள் பதிலாக நிற்கலாம். பாடும்போது இடைவெளி விடாமல் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீ நெடில் என்றாலும் முடிவில் வருவதால் உறுத்துவது குறைவு.

8. பீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள்

ஒரு பாரில், அதாவது பீட்டின் ஒரு சுற்றில், நான்கு அடிகள் (தாளத் தட்டுகள்) உண்டு. பெரும்பாலான ராப் பீட்களில் ஸ்னேர் என்ற டிரம்மின் கூர்மையான ஒலி இரண்டாவது, நான்காவது அடிகளில் விழுகிறது. பிடிசொல்லின் அழுத்தமான உயிர் முதல் வரியில் நான்காவது அடியில் விழுந்தால், இணைச் சொல்லின் அதே உயிரும் அடுத்த வரியில் நான்காவது அடியில்தான் விழ வேண்டும். முழு இயைபு அரை அடி முன்பின் நகர்ந்தாலும் தாக்குப்பிடிக்கும். அரை இயைபு தாக்குப்பிடிக்காது. இடம் ஒத்துப்போவதுதான் அதற்குக் கிடைக்கும் பாதி வலு.

"இந்த இணை சரியாக வரவில்லை" என்று யாராவது பதிவைக் கொண்டுவந்தால், சொல்லைக் குறை சொல்லும் முன் அது பீட்டில் எங்கே விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பல நேரங்களில் வரியின் முன்பகுதியில் ஓர் அசை கூடுதலாக இருந்து, கடைசிச் சொல்லைத் தள்ளிவிட்டிருக்கும். ஒரு "தான்", ஒரு "அந்த" நீக்கினாலே இணை பிடித்துக்கொள்ளும்.

தூரத்தையும் கணக்கிடுங்கள். நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் ஒரு பார் ஏறக்குறைய 2.67 வினாடி ஓடுகிறது. அடுத்த பாரிலேயே வரும் அரை இயைபைக் காது எளிதில் பிடிக்கும். மூன்று பார் தள்ளி, அதாவது எட்டு வினாடி கழித்து வந்தால், முதல் சொல்லின் ஒலி நினைவிலிருந்து பெரும்பாலும் மங்கியிருக்கும். ஆகவே இணை எவ்வளவு தளர்வோ அவ்வளவு அருகில் வையுங்கள். தூரத்தில் வைக்க வேண்டிய இணைக்கு முழு இயைபைச் செலவிடுங்கள்.

9. முழு இயைபையும் அரை இயைபையும் கலக்கும் முறை

ஒரு வெர்ஸ் முழுவதையும் அரை இயைபிலேயே எழுதினால் அது இயைபில்லாத பேச்சு போல ஒலிக்கத் தொடங்கும். முதல் இரண்டு வரிகளில் முழு இயைபு வைத்து ஒலியைக் காதுக்கு அறிமுகம் செய்யுங்கள். பிறகு அதே அச்சில் தளர்த்துங்கள். எந்த ஒலியை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட காது, அதன் சாயல் வந்தாலே போதும் என்று ஏற்கிறது.

ஊரே தூங்கும் நேரத்துல பேனா போடும் சத்தம்
ஊத்துன மையில்ல இது, உள்ள ஓடும் ரத்தம்
ஒருத்தர் கூடப் படிக்காம ஒதுங்கிக் கெடக்கும் பக்கம்
ஒருநாள் இதையே பேசும்போது ஓடிப் போகும் அச்சம்

"பக்கம்" என்ற சொல்லுக்கு முழு இயைபு தேடினால் "அக்கம்" தவிர எளிதில் எதுவும் கிடைக்காது. "சத்தம்", "ரத்தம்" என்று தொடங்கிவிட்டதால் இங்கே அது இயல்பாக அமர்கிறது. வரிசையை மாற்றி "பக்கம்", "அச்சம்" என்று தொடங்கிப் பாருங்கள். முதல் இணை தயங்கித் தயங்கி நிற்பது தெரியும்.

16 பார் கொண்ட வெர்ஸ் என்றால், நான் நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொரு நான்கிலும் ஓர் அச்சை மட்டும் ஓட்டுவேன். கேட்பவர் நினைவில் நிறுத்த வேண்டிய குத்து வரிக்கும் ஹூக்குக்கும் முழு இயைபை ஒதுக்கிவைப்பேன். ஹூக் திரும்பத் திரும்ப வருவது. கூட்டம் சேர்ந்து பாட வேண்டியது. அங்கே அரை இயைபு வைத்தால் பாடுகிறவர்கள் தாமாகவே அதைத் தவறாக மாற்றிப் பாடிவிடுவார்கள்.

10. காதைக் கொண்டு சோதித்துத் திருத்துங்கள்

முதல் சோதனை: மெய்களை விட்டுவிட்டு உயிர்களை மட்டும் பீட்டின் மேல் பாடுங்கள். "ஆ அ ஆ உ, ஆ அ ஆ உ" என்று இரண்டு வரிகளும் ஒரே மெட்டில் வந்தால் அச்சு சரி. எங்கேயாவது நாக்கு தடுமாறினால் அங்கே குறில், நெடில் மாறியிருக்கிறது.

இரண்டாம் சோதனை: வரிகளைப் பதிவு செய்து, தாளைப் பார்க்காத ஒருவரிடம் ஒருமுறை மட்டும் போட்டுக்காட்டி, எந்தச் சொற்கள் இணைந்து கேட்டன என்று கேளுங்கள். இயைபைப் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லாதீர்கள்; சொன்னால் அவர் உங்களுக்காகத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். எழுதியவரின் காது இந்தச் சோதனைக்கு உதவாது, ஏனென்றால் அவர் நினைத்ததைத்தான் அவர் கேட்கிறார். கேட்டவர் ஓர் இணையைத் தவறவிட்டால் வாதாடாமல் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

புள்ளி விழுந்த இணையைத் திருத்தும்போது, செலவு குறைந்த திருத்தத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் சொல் பீட்டில் விழும் இடத்தை நேராக்குங்கள். அது போதாவிட்டால் வரித் தொடக்கத்தில் மோனையோ எதுகையோ சேர்த்துக் கட்டுங்கள். அதன்பின் ஐந்தாம் படியின் குழுக்களைப் பார்த்து, இணைச் சொல்லுக்கு இன்னும் நெருங்கிய மெய்யுள்ள சொல்லைத் தேடுங்கள். அப்போதும் வராவிட்டால் வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு வேறொரு சொல்லைப் பிடிசொல்லாக்குங்கள். தமிழில் சொல்வரிசை நெகிழ்வானது என்பதால் இது நினைப்பதைவிட எளிது. "அச்சம் ஓடிப் போகும்" என்பதை "ஓடிப் போகும் அச்சம்" ஆக்கியது போல.

இயைபு கிடைக்கிறது என்பதற்காக, வாழ்க்கையில் ஒருபோதும் பேசாத அகராதிச் சொல் ஒன்றைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். அந்தச் சொல்லைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறுவதைப் பதிவிலேயே கேட்கலாம். அப்படிக் குரல் மாறினால் சொல்லை எடுத்துவிட்டு, தளர்வான இணையையே வைத்துக்கொண்டு அடுத்த டேக்குக்குப் போங்கள்.